தராசு அக்காவின் கண் பரிசோதனை

வானியல் நிலையத்தின் அளவீட்டு அறையில் அவளைத் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக நட்சத்திரங்களை அளந்தவள். ஒரு தடவைகூடத் தொலைநோக்கியில் கண் வைத்ததில்லை. படம் பிடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். காலை ஒன்பதரைக்குக் கண்ணாடித் தகடுகள் மேசைக்கு வரும். அதில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகள். ஒளி கூடினால் புள்ளி பருக்கும். உருப்பெருக்கியில் குனிந்து, ஒவ்வொரு புள்ளியையும் அளவுகோல் நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு ஒளியைக் குறிப்பாள். அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள்; ஒளி கூடினால் தூரம் குறையும். அளவுகோல் நட்சத்திரத்தின் ஒளி மாறவே மாறாது என்று சொல்லி அதை இளவயதில் தேர்ந்தெடுத்தவர் இப்போதைய இயக்குநர். ஆகவே அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு நாள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டும்போது அவளுக்குச் சுருக்கென்றது. சுற்றியிருந்த நாற்பது நட்சத்திரங்களும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகிக்கொண்டே வந்திருந்தன. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், நாப்பதும் பேசி வெச்ச மாதிரி ஒண்ணா பிரகாசமாகாது. நாம அளவுகோலா வெச்சிருக்கோமே, அதுதான் மங்குது."

அவர் நிமிரவே இல்லை. "நட்சத்திரம் எதுவும் மங்கலை. உங்க கண்ணுதான் மங்குது. போய் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

கண் மருத்துவரிடம் போனாள். அட்டையின் கடைசி வரியை வாசித்துவிட்டு, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் தொலைபேசி எண்ணையும் சொன்னாள். மருத்துவர் எழுந்து போய், கண்ணாடி போட்டுச் சரிபார்த்துவிட்டுச் சான்றிதழ் எழுதினார். இயக்குநர் அதை வாங்கி இழுப்பறையில் போட்டதோடு சரி.

"கோளாறு உன் கண்ணுல இல்லை, வாயிலதான்" என்றார் தையல்காரக் கணவர்.

"அதுக்கு ஏதுங்க டெஸ்ட்?" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய மின்னணுக் கருவியில் அளந்திருந்தார்கள்: அளவுகோல் மங்குகிறது, நீங்கள் வெளியிட்ட தூரங்கள் எல்லாமே குறைவு. இயக்குநர் கூட்டம் போட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நாங்க அப்பவே சந்தேகப்பட்டோம். எங்க அளவீட்டாளரோட கண்ணைக்கூட விடலை, சோதிச்சுட்டோம்" என்று அந்தச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், வேறென்ன செய்வது?

இருபத்துநான்கு வருட வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். யார் செய்வது? கண் நன்றாயிருப்பதற்குச் சான்றிதழ் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"செய்றேன் சார். ஆனா இந்தத் தடவை அளவுகோல் ஒண்ணு இல்லை, மூணு. மூணையும் நான்தான் தேர்ந்தெடுப்பேன்."

அவர் தலையாட்டினார்.

இளவயதில் தானே முத்து முத்தாக எழுதிய எண்களை, முதல் வாரம் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டே சிவப்பு மையால் அடித்தாள். பிறகு பழகிப்போயிற்று. நாலரை வருடத்தில் நாற்பது நட்சத்திரங்களும் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

கட்டுரை வெளிவந்தது. இயக்குநர் பெயர் முதலில். அவள் பெயர் நான்காவது, அதுவும் தலைப்பெழுத்துத் தப்பாக. பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது. கணவர் அந்தப் பக்கத்தை வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்தார்.