எலும்பு அறையில் மூன்று தட்டல்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை கட்ட எனக்குப் படிப்பு போதாது. ஆறாம் வகுப்போடு சரி. பேய் இருட்டில்தான் வரும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தது மத்தியானம். மணி 2.10.

மருத்துவக் கல்லூரியில், பிள்ளைகள் பிணத்தை அறுத்துப் படிக்கிற கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக அட்டெண்டர் வேலை. செத்தவர்கள் என்னிடம் வம்பு பண்ணியதே இல்லை. உயிரோடு இருப்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை. இப்போது என்னையும் சேர்த்து.

கூடத்தின் கடைசியில் எலும்பு அறை. கனத்த கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். எங்கள் துறைத் தலைவர் பெரிய டாக்டரிடம் ஒரு சாவி, என்னிடம் ஒன்று. பரீட்சைக்கு அவர் எலும்பு எடுத்து வைக்கும்போது நான் வாசலில் காவல் நிற்க வேண்டும். கேள்வி வெளியே கசியக் கூடாதே.

அந்த மனுஷனுக்குப் பெண் பிள்ளைகள் என்றால் இளக்காரம். "கத்தி பிடிக்கிற கையா இது?" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். முதல் வருஷத்துப் பெண் ஒருத்திதான் திருப்பிக் கேட்டாள். "உங்க அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது யாரு சார்?" என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பெண் அவள்.

ஒரு வியாழக்கிழமை, 2.10. "எலும்பு எடுத்துக் கொடு, வா" என்று அவளை உள்ளே கூட்டிப் போனார். நான் வாசலில்.

டக்... டக்... டக்.

"பெரியப்பா, கதவைத் திறங்க!"

சாவி என் இடுப்பில். ஓய்வுக்கு நாலு மாசம். நான் திறக்கவில்லை.

2.18-க்கு அவரே திறந்தார். அவள் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை.

புகார் கொடுத்தாள். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்.

"எனக்கு எதுவும் கேக்கலைங்க."

"மூணு தடவை தட்டினேனே, பெரியப்பா" என்றாள். அவ்வளவுதான். பொய்ப் புகார் என்று மூடிவிட்டார்கள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

அடுத்த வியாழன். வகுப்பு கிடையாது. கூடத்தில் நான் மட்டும். 2.10.

டக்... டக்... டக்.

எலும்பு அறைக்குள்ளிருந்து.

திறந்தேன். யாரும் இல்லை. எலும்புகள் பெட்டியில், வைத்தது வைத்தபடி. தரையில் ஒரு வெள்ளைப் பொத்தான். குனிந்தேன்.

கதவு சாத்திக்கொண்டது.

சாவி வெளியே, பூட்டிலேயே...

தட்டினேன். மூன்று தடவை. "யாருப்பா வெளியே? திறங்க!"

மூச்சு கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். ஒரு கால் ஊன்றி... ஒரு கால் இழுத்து...

பத்து வருஷமாக என் இடது கால் அப்படித்தான் இழுக்கும்.

இருமினான். என் இருமல்.

சாவிக்கொத்து குலுங்கியது.

மெதுவாக ஏதோ சொன்னான். புரியவில்லை.

திறக்கவில்லை.

2.18. கதவு தானாகத் திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை.

மறுநாள் கூடத்தைக் கூட்டுகிற அம்மா என்னைப் பார்த்து முறைத்தாள்.

"நேத்து உனக்குக் காது அடைச்சுப்போச்சா அண்ணே? உள்ளே யாரோ கதவைத் தட்டுறாங்க, திறங்கன்னு கத்துறாங்க. நீ சாவியைக் கையில வச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறே. வேலைக்கு வந்த நானும் திற அண்ணேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"எனக்கு எதுவும் கேக்கலைங்கன்னு சொன்னே."