என் கம்பெனியில் மூன்று மேனேஜர்கள்

ஓசூரில் என் லேத் பட்டறைக்கு இன்டர்நெட் போன் சிஸ்டம் போட்டாச்சு நண்பர்களே! கன்னடத்துக்கு ஒண்ணு, தெலுங்குக்கு ரெண்டு, தமிழுக்கு மூணு அமுக்கணும். அறிவிப்புக் குரல் நானே. கேட்டவர்கள் ரேடியோக்காரர் என்றே நினைத்தார்கள்.

எதை அமுக்கினாலும் மணி அடிப்பது என் செல்போனில்தான். அது கம்பெனி ரகசியம்.

இன்று காலை வீட்டில் இருந்தபோது பெங்களூரிலிருந்து ஒரு பர்ச்சேஸ் மேடம் கூப்பிட்டார். பெரிய ஆர்டராம். பெரிய கம்பெனிக்குத்தான் கொடுப்பாராம்.

கன்னடத்தில் சேல்ஸ் மேனேஜராகப் பேசினேன். "குவாலிட்டி மேனேஜரைக் கொடுங்க" என்றார். லைனை மாற்றி, நானே எடுத்துத் தெலுங்கில் விளாசினேன். அவரும் தெலுங்கில் விளாசிவிட்டு ஓனரைக் கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் வந்தேன்.

"ஏன் சார், மூணு டிபார்ட்மென்ட்லயும் ஒரே குக்கர் விசில் கேக்குதே?"

"கேன்டீன் நடுவுல இருக்குங்க மேடம்."

"ஓஹோ! அப்ப நாளைக்கு ஆர்டர் பேச மூணு பேரும் சேர்ந்தே வாங்க" என்று வைத்துவிட்டார்.

கன்னடத்துக்கு ஒருவர், தெலுங்குக்கு ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு நாளைக்கு யார் வர்றீங்க? கமென்ட்டில் சொல்லுங்க. ஓனர் வேலை மட்டும் காலி இல்லை.