எரித்த டேப்லெட்டில் வரைந்த கடல்

இறந்துபோன ஒருவரோடு கூட்டாக வேலை பார்த்து, சொன்ன கெடுவுக்குள் படப்புத்தகத்தை முடித்துக் கொடுத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். அதுவும் அவருடைய நூறாம் நாள் சடங்கு முடிந்த பிறகு. அதுவும் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு! சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் சொல்வது பொய்யென்றால் என் பல் அத்தனையும் இந்த நிமிடமே கொட்டட்டும். அத்தனையும் கட்டின பல்தான். கட்டியவரும் அவர்தான்.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் ஆள் மதியம் தூங்கி எழுந்து, தேநீர் குடித்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் வேலையில் உட்காருவார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பெயர் கோ தியாம்-சாய். தைவானில் எங்கள் தைனான் நகரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பொய்ப்பல்லால்தான் மெல்லுகிறார்கள். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். என் குரலைக் கேட்டு ரயிலே தானாக நின்றிருக்கிறது. ஓய்வு பெற்றபின் இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்குப் படக்கதை செய்தோம். ரயிலேறி ஊர் சுற்றும் ஒரு பால்கெண்டை மீனின் கதை. சொல் என்னுடையது, கோடு அவருடையது. நான் வரைந்தால் மீன் செருப்பு மாதிரி இருக்கும்.

எங்கள் சந்தின் அந்தக் கோடியில் அவர் டேப்லெட்டில் வரைவார். இந்தக் கோடியில் என் லேப்டாப்பில் அந்தக் கோடு அப்படியே ஊர்ந்து வரும். நான் போனில் வாயால் கதை சொல்வேன், அது எழுத்தாகும். போனில் நகலெடுத்து லேப்டாப்பில் ஒட்டினால் படத்தின் மேல் போய் உட்காரும். காதில் இயர்போன், பேச்சுத் துணைக்கு. ஆளுக்கொரு கடவுச்சொல்லை நினைவில் வைக்க மூளை போதாததால், எல்லாக் கருவிக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்.

ஐந்தாவது புத்தகத்தில் கடைசிப் படம் மட்டும் பாக்கி. மீன் கடலுக்குத் திரும்புகிற படம். அதை வரைந்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு. டேப்லெட் மேலேயே கவிழ்ந்துவிட்டார். கண்ணாடி நொறுங்கியது. என் லேப்டாப்பில் பாதி அலையோடு கோடு நின்றது.

பதிப்பகத்தார் மூன்று மாதம் பொறுத்தார்கள். பிறகு போன் வந்தது. ஏழாம் மாதத்துப் பௌர்ணமிக்குள் கடைசிப் படம் வராவிட்டால், முழுப் புத்தகத்தையும் வேறொரு இளைஞரை வைத்து வரைந்துவிடுவார்களாம். அப்படியானால் தியாம்-சாய் வரைந்த அத்தனை படமும் குப்பை. அட்டையில் அவர் பெயரும் இருக்காது. பெண்டாட்டியில்லை, பிள்ளையில்லை. அவர் பெயர் சொல்ல மிச்சமிருந்தது அந்த அட்டை ஒன்றுதான்.

நூறாம் நாள் சடங்கும் அதே ஏழாம் மாதத்தில், போனவர்கள் ஊருக்குள் வந்து திரிகிற மாதத்தில் வந்தது. நானும் என் மனைவி பிக்-ஹாவும் காகிதக் கடைக்குப் போனோம். போனவர்களுக்கு எரித்து அனுப்பக் காகிதத்திலே வீடு, கார் எல்லாம் செய்து வைத்திருப்பார்களே, அந்தக் கடை.

"வாங்க பெரியப்பா. வீடு, கார், வேலைக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு செட்டு இருக்கு" என்றாள் கடைக்காரி.

"வேலைக்காரங்க எதுக்கு? அவன் அவங்களையும் திட்டுவான். டேப்லெட் இருக்கா?"

"புது மாடலே இருக்கு. பேனா இலவசம். சார்ஜர் தனி."

"சார்ஜர் வேறயா?"

"ஒரே சார்ஜுல அங்க எத்தனை நாளைக்கு ஓட்டுவாரு பெரியப்பா?"

பிக்-ஹா பள்ளியில் வேதியியல் நடத்தியவள். சாமி, பேய், வானிலை அறிக்கை, இந்த மூன்றையும் நம்பமாட்டாள். "போதும், கிளம்புய்யா. உன் சிநேகிதருக்கு மின்சாரமும் நீயே இழுத்துக் குடுப்ப போலிருக்கு" என்றாள். சார்ஜரை வாங்காமலே வந்துவிட்டோம்.

எரிக்கும் பொருளில் யாருக்கு என்று பெயர் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால், பேர் சொல்ல ஆளில்லாமல் செத்து, வழியில் நிற்கும் நல்ல அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொள்வார்கள். ஏழாம் மாதத்தில் அவர்களை வேறு பெயரில் கூப்பிடக் கூடாது. நான் தியாம்-சாய் பெயரைப் பெரிதாக எழுதினேன். கூடவே, பின்பக்கத்தில் எங்கள் கணக்கையும் கடவுச்சொல்லையும் எழுதினேன்.

"காகிதத்துக்குப் பாஸ்வேர்டா?" என்றாள் பிக்-ஹா.

"இல்லாட்டி எப்படி உள்ள வருவான்?"

"வந்தா என்கிட்டயும் சொல்லு. எனக்கு ஒரு பல்லு ஆடுது."

சந்து முனையில் இரும்புப் பீப்பாய்க்குள் போட்டு எரித்தோம். புகை நேராக மேலே போனது.

மறுநாள் மதியம் மூன்று மணி. சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பாதி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. இயர்போனில் 'டிங்' என்றது. ஏதோ ஒரு கருவி வந்து இணைந்தால் வருகிற சத்தம்.

பட்டியலைத் திறந்தேன். லேப்டாப். போன். அதற்குக் கீழே, டேப்லெட்.

உடைந்ததை நானே பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நொறுங்கிய கண்ணாடியோடு அது கிடந்தது. பொத்தானை அமுக்கினேன். உயிரில்லை.

திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தேன். பேட்டரி நூறு. கருவி இருக்கும் இடம் என்ற பொத்தானை அமுக்கினேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. சந்து முனையில், பீப்பாய் மேலே.

அது நகர்ந்தது.

சந்துக்குள் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டியது. மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றது. எதிரே காலி நாற்காலி.

'டொக்... டொக்...'

இயர்போனில்தான். பல் அச்சை விரலால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பது தியாம்-சாயின் தொழில் பழக்கம். படம் வரையும்போதும் பேனாவால் கண்ணாடியை அப்படித்தான் தட்டுவார்.

போனை எடுத்தேன். கடைசி வரியைச் சொன்னேன்: 'மீன் தன் வீட்டுக்குப் போனது.' நகலெடுத்தேன். லேப்டாப்பில் ஒட்டினேன்.

ஒட்டியது வேறு.

'வீடுன்னு எழுதாதடா அ-டிக். கடல்னு எழுது. எத்தனை தடவை சொல்றது.'

அ-டிக் என்பது என் பெயர். அப்படி 'டா' போட்டுக் கூப்பிட ஊரில் வேறு யாரும் மிச்சமில்லை. எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. பயத்தில் விக்கலும் வந்தது. மூன்றையும் ஒன்றாக அனுபவித்தவன் தைவானிலேயே நான் ஒருவன்தான். பாதியில் நின்ற அலை மெல்ல வளைந்து மேலே எழுந்தது.

பிக்-ஹாவிடம் சொன்னேன்.

"அந்த ஆளு சாகறதுக்கு முன்னாடியே வரைஞ்சிருப்பாரு. எங்கயோ சிக்கிக் கிடந்தது, இப்பதான் வந்து சேருது" என்றாள். "தபால் லேட்டா வந்தா தபால்காரன் செத்துட்டான்னு அர்த்தமா?"

"என்னைத் திட்டினதும் தபால்லயா வந்தது?"

"உன்னைத் திட்டுறதுக்கு முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பாரு. நான்கூட வெச்சிருக்கேன்."

தினமும் மூன்று மணிக்கு 'டிங்'. தினமும் கொஞ்சம் கடல். ஆனால் பேட்டரி நூறிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள் இரண்டில் நின்றது. மீன் முழுசாக வந்திருந்தது. கண் மட்டும் இல்லை. கோடு தயங்கியது... இழுத்தது... நின்றது. பட்டியலிலிருந்து டேப்லெட் மறைந்துபோனது.

கண்ணில்லாத மீனை எந்தக் குழந்தையிடம் கொடுப்பது? காகிதக் கடைக்கு ஓடினேன். எங்கள் அதிவிரைவு ரயிலே என்னைப் பார்த்து ஒதுங்கியிருக்கும்.

"நான் அன்னிக்கே சொன்னேனே பெரியப்பா" என்றாள் கடைக்காரி.

சார்ஜரை வாங்கி, மூச்சு வாங்கப் பீப்பாயில் போட்டு எரித்தேன். புகை மேலே போகவில்லை. தரையோடு பரவிச் சந்து முழுக்கப் போனது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெயர் எழுதவில்லை.

மறுநாள் பௌர்ணமி. மூன்று மணி. 'டிங்.' டேப்லெட் வந்தது. பேட்டரி நூறு. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் இன்னொரு 'டிங்'.

நான்காவது கருவி. பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

'டிங்.' ஐந்து. 'டிங்.' 'டிங்.' 'டிங்...' பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுக்கும் பெயரில்லை. பேட்டரி எல்லாவற்றிலும் நூறு.

வரைபடத்தைத் திறந்தேன். சந்து முழுக்க நீலப் புள்ளிகள். எல்லாம் எங்கள் வாசலை நோக்கி...

இயர்போனில் மூச்சு. ஒருவருடையது இல்லை. பலருடையது. சின்னச் சின்ன மூச்சு.

சமையலறை குளிர்ந்தது. உப்பு வாடை.

திரையில் மீன் மேல் ஒரு கிறுக்கல் விழுந்தது. இன்னொன்று. குழந்தைகள் கிறுக்குவதுபோல. படம் அழிந்துகொண்டிருந்தது!

"பிக்-ஹா!" கத்தினேன்.

எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. "வைரஸ் புகுந்திருக்கும். பாஸ்வேர்டை மாத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாற்றினால் அத்தனை பேரும் வெளியே போவார்கள். தியாம்-சாயும்தான். கண் வரைய ஆளிருக்காது.

பொத்தான் மேல் விரலை வைத்தேன்.

வரைபடத்தில் மேசையைச் சுற்றிப் புள்ளிகள். எனக்கும் அவற்றுக்கும் நடுவில் இடமே இல்லை.

என் முழங்காலில் ஏதோ ஈரமாக...

அமுக்கவில்லை. "தியாம்-சாய், சீக்கிரம்டா" என்றேன்.

'டொக்... டொக்...'

மூச்சுகள் அடங்கின.

கிறுக்கல்கள் ஒவ்வொன்றாக மீன் மேலிருந்து நகர்ந்தன. அலைக்குள் போய் உட்கார்ந்தன. யாரோ பொறுமையாகப் பிள்ளைகளைக் கைபிடித்து இடம் காட்டுவதுபோல.

பிறகு ஒரு புள்ளி. ஒரு வட்டம்.

மீன் என்னைப் பார்த்தது.

'டிங்.' டேப்லெட் தானாகவே பட்டியலிலிருந்து போய்விட்டது.

பொத்தானை அமுக்கினேன். புதுக் கடவுச்சொல் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மீண்டும் கண்ணைத் திறந்தபோது பட்டியலில் இரண்டே கருவிகள். என் கால்சட்டையில் முழங்கால் பக்கம் ஈரம். அது நானே செய்துகொண்டது என்று பிக்-ஹா இன்றுவரை சொல்கிறாள். முழங்காலில் மட்டும் எப்படிச் செய்வது?

படத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"ரொம்ப அருமையா வந்திருக்கு சார். அலைக்குள்ள அத்தனை பிள்ளைங்க முகம்! யாரைப் பார்த்து வரைஞ்சது?"

தெரியாது என்றேன். வாழ்க்கையில் நான் பெரிதாக்காமல் சொன்ன ஒரே உண்மை அது.

குளிர்காலத்தில் புத்தகம் வந்தது. அட்டையில் தியாம்-சாய் பெயர்தான் முதலில். பிக்-ஹாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆறின பால்கெண்டைக் கஞ்சியைக் குடித்தபடியே புரட்டினாள். "முன்கூட்டியே வரைஞ்சது. எத்தனை தடவை சொல்றது" என்று முணுமுணுத்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

அதை எடுக்காமல் புத்தகத்தைக் கண்ணருகே தூக்கினாள். பிறகு அலைக்குள் இருந்த ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தாள். ஆறேழு வயதுப் பையன். சிரிக்கிறான். நெற்றியில் முன்முடி ஒரு பக்கம் தூக்கி, கோணலாக.

"என் தம்பி" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்றே எனக்குத் தெரியாது.

"கடல்ல போயிட்டான். உடம்பு கிடைக்கல. அதுக்கப்புறம் வீட்ல யாரும் அவன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

"போட்டோ ஏதாவது தியாம்-சாய் கண்ணுல..."

"எங்க ஊர்ல போட்டோ எடுக்க யாருய்யா இருந்தா? ஒண்ணுகூடக் கிடையாது." விரல் அந்த முன்முடியிலேயே இருந்தது. "அன்னிக்குக் காலையில நான்தான் முடி வெட்டி விட்டேன். துணி வெட்டுற கத்திரியில. கோணலாப் போச்சு. அழுவான்னு நினைச்சேன். சிரிச்சிட்டே ஓடினான். என்னைத் தவிர இதை யாரும் பார்க்கல. பார்க்கறதுக்குள்ளதான் போயிட்டானே."

அவளை எப்படியாவது தேற்றவேண்டும் என்று, அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "விடு. தியாம்-சாய் சாகறதுக்கு முன்னாடியே..."

"வாயை மூடு." புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேடினாள். "காகிதக் கடை திறந்திருக்குமா? அவன் பேரை எழுதி இதுவரைக்கும் நாங்க எதுவுமே எரிச்சதில்லை."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நடந்ததுதான்யா, கிழவா. நீ சொன்னது அத்தனையும் நடந்தது."