‘ம்’ இல்லாமல் ஒரு பக்கம்

போன திங்கட்கிழமை எனக்கு போனில் ஒரு இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி, புத்தூரில் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் வேலை. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு வந்த முதல் வாய்ப்பு, விட்டால் போச்சு. தேவையெல்லாம் முக்கால் மணி நேரம் யாரும் “அம்மா” என்று கூப்பிடாமல் இருப்பதுதான்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறவளுக்கு முக்கால் மணி நேரமா... பேராசைதான்!

பெரியவள் யாழினிக்கு எட்டு வயது. ஒவ்வொரு கணக்குக்கும் “கரெக்டாம்மா?” என்பாள். விடைப் பக்கத்தைக் கையில் கொடுத்து, “நீயே பாத்துக்கோ” என்றேன். ஒரே வாரத்தில் என்னை மறந்துவிட்டாள்.

சின்னவன் கதிர்தான் வில்லன். ஆறு வயது. ஒரு வரி படித்துவிட்டு நிமிர்வான். நான் “ம்” சொன்னால்தான் அடுத்த வரி. இல்லாவிட்டால் வண்டி நகராது. யார் பழக்கியது? நான்தான், வேறு யார்? எதற்கெடுத்தாலும் ‘ம்’ கொட்டுகிற குடும்பம் எங்களுடையது.

சரி, குறைப்போம் என்று இறங்கினேன். வரிக்கு ஒரு ‘ம்’ என்பது பத்திக்கு ஒன்றானது, பிறகு பக்கத்துக்கு ஒன்று. அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டேன். சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தொண்டை வரைக்கும் வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், பங்காருபாளையம் மாங்காய் மண்டியோடு போனில் “ம்... ம்...” போட்டபடி உள்ளே வந்தார். பையன் அத்தனையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு குஷியாக நாலு பக்கம் ஓட்டிவிட்டான்.

“இன்னா நீங்க, கெடுத்துட்டீங்களே?”

“நான் இன்னா பண்ணேன்? மண்டிக்காரர்கிட்ட பேசிக்கினு வந்தேன்.”

“நைனா இருக்கட்டும்மா,” என்று அப்பாவைக் காட்டினான் கதிர். “நீ போய் உன் வேலையைப் பாரு.”

மறுபடி முதலிலிருந்து.

திங்கட்கிழமை அறைக் கதவைச் சாத்தினேன். வெளியே சத்தமே இல்லை. மேனேஜர் கம்பெனியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். நான் மூச்சுவிடாமல் கேட்டேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் நின்றார்.

“ஹலோ... லைன்ல இருக்கீங்களா மேடம்?”

“இருக்கேன் சார்.”

அடுத்த வாக்கியம். மறுபடி “ஹலோ?” வேலை கைநழுவிப் போகிறதே என்று பயம். அப்புறம்தான் உறைத்தது — பையனைப் பழக்குகிறேன் என்று என் வாயையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்! பழையபடி வரிக்கு ஒரு ‘ம்’ போட்டேன். மனுஷன் என்ன உற்சாகமாகப் பேசினார் தெரியுமா?

கதவைத் திறந்தால், கதிர் தனியாக ஒரு முழுப் பாடத்தையும் முடித்துவிட்டு அடுத்ததில் இருந்தான். நிமிரக்கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலையும் கிடைத்துவிட்டது. அந்த மேனேஜருக்கு எப்படியும் ஐம்பது வயது இருக்கும்... அவருடைய அம்மா கொஞ்சம் முன்னாடியே அடுப்படிக்குப் போயிருக்கலாம்!