லாபோவுக்காகக் கூவிய நஞ்சம்மா

ராக் இசை என்றால் என்னவென்று நஞ்சம்மாவுக்குத் தெரியாது. ஓசூரில் வண்டிகளுக்கான தகட்டு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், சூப்பர்வைசரிடம் இரண்டும் கலந்த ஒன்று.

ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் தூக்கிவந்த பெட்டி அடுக்கு, கூடவே பேக்கிங்கில் இருந்த தமிழ்செல்வியின் தலைக்கு மேல் சாய்ந்தது. நஞ்சம்மா கூவினாள். பிரஸ் மெஷின்கள் இடித்துக்கொண்டிருந்தன. எல்லாருடைய காதிலும் அடைப்பான் இருந்தது. அப்படியும் அந்தக் கூடத்தின் கடைசி ஆள்வரை திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்செல்வி பின்னால் துள்ளினாள். அவள் நின்ற இடத்தில் பெட்டிகள் விழுந்தன.

திரும்பிப் பார்த்தவர்களில் சௌந்தரராஜனும் ஒருவர். தரப் பிரிவு இன்ஜினியர், திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலை நாடகக் குழுவை நடத்துகிறவர். அந்த ஆண்டு விழாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது டெரன்ஸ் லாபோவின் வாழ்க்கை. பெங்களூரில் பிறந்து, ராக் பாடி, ஒரு தலைமுறையையே கிறங்கடித்துவிட்டுச் செத்துப்போன பாடகன். பாட்டும் நடிப்புமாக நாடகம் தயாராகிவிட்டது. லாபோவாக வேஷம் கட்டிய ஜெகதீஷ் நன்றாகவே பாடினான். ஆனால் கடைசிப் பாட்டின் முடிவில் லாபோ மூன்று முறை கூவுவான். அது ஜெகதீஷின் தொண்டைக்கு எட்டவில்லை. பழைய இசைத்தட்டிலிருந்து அதை மட்டும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"அந்தச் சத்தத்த இன்னொரு வாட்டி போடுவியாம்மா?" என்று கேட்டார் சௌந்தரராஜன்.

"சும்மா எப்டி சார் போடறது? பாக்ஸ் விழணுமே."

"இன்னொரு வாட்டி என் தலையிலயா?" என்றாள் தமிழ்செல்வி. "வேற ஆளப் பாருங்க சார்."

கேன்டீனில் ஒத்திகை. நஞ்சம்மா முதல் கூவலைப் போட்டதும் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கரண்டி அப்படியே நின்றது. அடுத்த கூவல் வரவில்லை. கிடார்காரன் இரண்டு சுற்று வாசித்துவிட்டு ஓய்ந்தான்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"பதில் வரலயே சார்."

"யாரு பதில் சொல்லணும்?"

"பக்கத்துக் காட்டுக்காரங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துவிட்டது.

ராகி முற்றும் பருவத்தில் அவள் ஊரில் யானைக்காவல் உண்டு. ஒரு ராகிக்காட்டுப் பரணிலிருந்து கூவினால் அடுத்த காட்டிலிருந்து பதில் வர வேண்டும். வரும்வரை மறுபடி வாய் திறக்கக் கூடாது. பதில் இல்லையென்றால் அங்கே ஆள் தூங்கியிருக்கலாம். யானை நுழைந்தும் இருக்கலாம். எதுவென்று காது சொல்ல வேண்டும். மேலும் மேலும் கூவுகிறவன் அந்தக் காதை அடைத்துக்கொள்கிறான். போன மாதம்கூட அவளும் அவள் புருஷனும் பரணில் இருந்தவர்கள்தான்.

"மனசுக்குள்ள நாலு எண்ணு, அடுத்தத போடு" என்றார் சௌந்தரராஜன். எண்ணிப் போட்டாள். பஸ்ஸை நிறுத்தக் கூப்பிடுவதுபோல ஒல்லியாக வந்தது. மறுநாளும் அப்படியே. "மேடையிலயும் இப்படின்னா லேப்டாப்தான், தப்பா நினைக்காத" என்று சொல்லிவிட்டார்.

அவள் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் மனம் அதிலேயே கிடந்தது. பஸ்ஸில் போகும்போது லாபோவின் கூவலைச் செல்போனில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். ஆங்கிலம் புரியாவிட்டாலும், இந்த ஆள் யாரையோ கூப்பிடுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"யாராச்சும் பதில் குடுத்தாங்களா அவருக்கு?" என்று ஜெகதீஷிடம் கேட்டாள்.

"கை தட்டுவாங்கக்கா. ஆயிரக்கணக்குல."

"கை தட்டுனா பதிலாயிடுமா?"

செத்தவனின் கூவலை லேப்டாப்பை வைத்துப் போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. உயிருள்ள ஒருத்தி அவனுக்காகக் கூவ வேண்டும். ஆனால் தன் குரல் வருமா?

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பாதிப்பேர் நாடகத்தைப் பார்த்தார்கள்; மீதிப்பேர் பிரியாணி வாசத்தைக் கவனித்தார்கள். கடைசிப் பாட்டு வந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நஞ்சம்மா கூவினாள்.

அழகான குரல் என்று சொல்ல முடியாது. அழகான குரல் கேட்பவரைச் சொக்க வைக்கும். இது அவரவர் நாற்காலியில் அவரவரை நிமிர்த்தி உட்கார வைத்தது. அழுத குழந்தைகள் அடங்கின.

ஒன்று, இரண்டு என்று எண்ணப் பார்த்தாள். மனம் மறுத்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிய கையோடு அவளைப் பார்த்தான். சௌந்தரராஜனின் விரல் லேப்டாப்பின் மேல் போனது.

அப்போது கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுக் கூடத்து வாசலிலிருந்து ஒரு கூவல் எழுந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிராஜ். உத்தனப்பள்ளிக்காரன்; அங்கேயும் யானைக்காவல் உண்டு. வாயருகே கையைக் குவித்து நின்றான். அவன் முடிப்பதற்குள் இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல். பிறகு நடுவிலிருந்து ஒரு கிழட்டுக் குரல். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இழுப்பு. தினமும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தவர்கள், நீயுமா என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். யானையையே பார்த்திராத புதுக்கோட்டைத் தமிழ்செல்வியும் கூவினாள். குரல் உடைந்தது, யாரும் சிரிக்கவில்லை.

ஜெகதீஷ் மைக்கை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

நஞ்சம்மாவின் இரண்டாவது கூவல் அப்போது வந்தது. அதைப் பாட்டு என்பதா, வேறு என்ன என்பதா? மண்டபத்தின் தகரக்கூரை அதிர்ந்தது. அங்கிருந்தவர்களின் உடம்பு அதற்கு முன்பே அதிர்ந்துவிட்டது. எல்லாத் திசையிலிருந்தும் பதில் ஒன்றாக வந்து மோதியது. பதில் முழுசாக வந்துவிட்டால் பிறகு கூவுவதில்லை. மூன்றாவது கூவல் இல்லாமலே பாட்டு முடிந்தது. வெகுநேரம் ஒருவரும் கை தட்டவில்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சௌந்தரராஜன் அவளிடம் வந்தார். "அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில போடச் சொல்றாங்க. அங்க உங்க காட்டுப்பக்கத்து ஆளுங்க கொஞ்சம்தான் இருப்பாங்க. பதில் வரலேன்னா என்னம்மா செய்வ?"

"நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன் சார்."

"பாட்டு நின்னுபோகுமே."

"போகட்டும் சார். லாபோ இன்னா அவசரத்துலயா இருக்காரு?"

சௌந்தரராஜன் டிரம்ஸ் பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தூக்கினார். மறுபக்கத்தை நஞ்சம்மா பிடித்தாள்.