பெயரில்லாத நாற்காலியில் எம்மெட் பர்டி

எம்மெட் பர்டி படப்பிடிப்புக்கு வந்து இறங்கினால் நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவர் பெரிய மனிதர் என்பதால் அல்ல. அவர் வந்துவிட்டார் என்றால், படத்தை எடுக்கப்போகிற இயக்குநர் அதிக நாள் தாங்கமாட்டார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு கட்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்போது ஹாலிவுட்டில் அப்படி ஒரு வழக்கம். புகழ்பெற்ற பழைய இயக்குநர் ஒருவர் வயதான காலத்தில் இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பினால், இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு நிபந்தனை போடுவார்கள். பெரியவர் பாதியில் கண்ணை மூடிவிட்டால் அந்த இடத்திலிருந்து படத்தை எடுத்து முடிக்க, மாற்று இயக்குநர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த மாற்று ஆளாகவே காலம் தள்ளியவர் பர்டி. இயக்குநர் நாற்காலியில் இயக்குநர் பெயர் எழுதியிருக்கும். பக்கத்தில் பர்டிக்குப் போடும் நாற்காலியில் ஒன்றும் எழுதியிருக்காது. அதில் உட்கார்ந்து, மனைவி நாடீன் கட்டிக்கொடுத்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, பக்கத்து ஆள் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

இப்படி நான்கு மகான்களின் கடைசிப் படங்களுக்கு அவர் உட்கார்ந்திருக்கிறார். நான்கு பேருமே பிடிவாதக்காரர்கள். படத்தை முடித்து, வீட்டுக்குப் போய், அப்புறம்தான் செத்தார்கள். ஒருவர் நடக்க முடியாமல் படுக்கையோடு வந்து படத்தை எடுத்தார். பர்டிக்கு அந்த நான்கிலும் ஒரு ஷாட்கூடக் கிடைக்கவில்லை. மனிதர் இயக்குநர் என்றுதான் சம்பளம் வாங்கினார்; “ஆக்‌ஷன்” என்ற வார்த்தையை மட்டும் படப்பிடிப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட வேண்டும், ஒரே ஒருமுறை, உண்மையான கேமராவுக்கு முன்னால். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

“வீட்டுல தெனமும் ஒத்திகைதான் வெர்னா. உப்பை எடுன்னு கேக்கறதுக்குக்கூட ஆக்‌ஷன்ங்கிறாரு. நாய்கூட அந்த வார்த்தையக் கேட்டாத்தான் சாப்பிடுது” என்று நாடீன் என்னிடம் புலம்புவாள். வெர்னா நான்தான். நடிகர்களுக்குத் தலை வாரிவிட்டு, வழுக்கைகளுக்கு விக் ஒட்டி வயிறு வளர்த்தவள். பர்டியின் தலையை மட்டும் நான் சும்மாவே வாரிவிட்டிருக்கிறேன். யாருமே பக்கத்தில் போக மாட்டேன் என்கிற மனிதரிடம் எனக்கு ஒரு பாசம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் லோன் பைன் மலையடிவாரத்தில் லுட்விக் வார்கோனியின் குதிரைப் படம் தொடங்கியது. வார்கோனி ஹங்கேரியிலிருந்து வந்தவர். ஊமைப் படக் காலத்திலிருந்தே எல்லோரையும் திட்டிப் பழகியவர். அவருக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. விளம்பரப் பிரிவுக்காரர் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, வயதைப் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

முதல் நாள் காலை பர்டி போய் வணக்கம் சொன்னார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ, நீதானா அது? பாக்கறதுக்குத் தெரியறதைவிட நான் உயரம். சவப்பொட்டிய நீளமாவே செய்யச் சொல்லிடு.”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க சார்.”

“எனக்கு மட்டும் இருக்காய்யா?”

எங்கள் ஆட்கள் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பர்டிக்குக் ‘கழுகு’ என்று பெயர். அவர் எழுந்தால் “கழுகு றெக்கை விரிக்குதுடோய்” என்பார்கள். அவர் தும்மினால்கூட அபசகுனம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழுகுதான் பெரியவரைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டது. வெயில் ஏறினால் குடை பிடிக்கும். காற்று அடித்தால் சால்வை போர்த்தும். ஒருநாள் பெரியவர் வறுத்த முட்டைமேல் மிளகாய்ப்பொடியை மலை மாதிரி கொட்டிக்கொண்டபோது, பர்டி எட்டித் தட்டைப் பிடுங்கிவிட்டார்.

“யோவ், நான் செத்தா உனக்கு வேலை. அப்புறம் ஏன்யா தட்டைப் புடுங்கறே?”

“வேலை வேற, வயித்துப்புண் வேற சார்.”

“நாலு பேரு பக்கத்துல உக்காந்திருக்கியே, என்னத்தைக் கத்துக்கிட்டே?”

“உக்காரக் கத்துக்கிட்டேன் சார்.”

பெரியவர் வாயில் சுருட்டைக் கடித்துக்கொண்டே யோசித்தார். டாக்டர் பற்றவைக்கக் கூடாது என்றதால் அந்தச் சுருட்டை அவர் கடித்துக்கொண்டு மட்டும்தான் இருப்பார். “சரி, ஒளிக்காம சொல்லு. நான் இப்பவே பொட்டுனு போயிட்டா மொதல்ல என்ன செய்வே?”

வேறு யாராக இருந்தாலும் அழுவேன் என்று சொல்லியிருப்பார்கள். பர்டிக்குப் பொய் வராது. “ஆக்‌ஷன்னு சொல்வேன் சார்” என்றார். சொல்லிவிட்டு முகம் சிவந்து, “இதுதான் எனக்கும் கடைசிப் படம். இனிமே அந்தக் காலத்து ஆளுங்க யாரும் மிச்சமில்லையாம். கம்பெனி என்னை அனுப்பிடப் போகுது” என்றார்.

நான் பெரியவரின் தலைக்குப் பின்னால் சீப்போடு நின்றிருந்தேன். திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசி நாள் வந்தது. கடைசி ஷாட் சூரியன் விழும் நேரத்தில். மூன்று குதிரைக்காரர்கள், கதையில் அண்ணன் தம்பிகள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மலை இடுக்கை நோக்கிப் போக வேண்டும். அவ்வளவுதான் படம். மறுநாள் குதிரைகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரே வாய்ப்பு. கேமரா தயார், குதிரைகள் தயார், வெளிச்சம் பொன்னாக மலைமேல் வழிகிறது. இயக்குநர் நாற்காலியில் வார்கோனி, தொப்பி முகத்தின்மேல் கவிழ்ந்திருக்க, ஒரு கை கீழே தொங்க, அசையாமல் கிடந்தார்.

உதவி இயக்குநர் டிபெட்ஸ் குனிந்து, “சார், வெளிச்சம் போகுது” என்றான். பதிலில்லை. “சார்!” அதற்கும் இல்லை. டிபெட்ஸ் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது தொப்பியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். நாங்கள் பார்க்கவில்லை. வாரக்கணக்காக இதற்காகத்தானே காத்திருந்தோம்! எதிர்பார்த்தது நடந்தால் சரிபார்க்கத் தோன்றுமா? ஒப்பனைக்காரிகள் தேம்ப ஆரம்பித்தார்கள். நானும்தான். கேமராக்காரர் தன் தொப்பியைக் கழற்றினார், ஆனால் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

தயாரிப்பாளர் கெல்பின் ஓடி வந்தார். “யாரும் தொடாதீங்க! டாக்டரை அப்புறம் கூப்பிட்டுக்கலாம். அவரு எங்கேயும் போகமாட்டாரு, வெளிச்சம் போயிடும். பர்டி, வாய்யா!”

“ஒருதடவை நாடி பாத்துட்டு…” என்றார் பர்டி. அவர் கண்ணில் நிஜமாகவே நீர்.

“நாடி பாத்தா நீ டாக்டர். பாக்காட்டி நீ டைரக்டர். எது வேணும்?”

பர்டி பெரியவரின் தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்தார். சால்வையை இழுத்துவிட்டார். பிறகு ஒலிபெருக்கிக் குழலை வாங்கினார். “ஆக்‌ஷன்” என்றார். எனக்கே கேட்கவில்லை. குதிரைக்காரர்கள் சிலையாக நின்றார்கள். கெல்பின் தலையில் அடித்துக்கொண்டார். பர்டி மூச்சை இழுத்து மறுபடி சொன்னார் பாருங்கள், “ஆக்‌ஷன்!” மலை அதைத் திருப்பிச் சொன்னது. குதிரைகள் சவாரிக்காரர்களைக் கேட்காமலே கிளம்பிவிட்டன.

எவ்வளவு அழகு! மூன்று குதிரைகளும் புழுதியில் பொன்னைக் கிளப்பிக்கொண்டு போயின. மலை இடுக்கை எட்டின. ஷாட் அங்கே முடிய வேண்டும். நாங்கள் பர்டியைப் பார்த்தோம். பர்டி குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: மனிதர் இத்தனை வருஷமாக வீட்டில் பழகியது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். முடிக்கிற வார்த்தை ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை.

இயக்குநரைத் தவிர வேறு யாரும் ‘கட்’ சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. ஆகவே கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. குதிரைக்காரர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். இடுக்கைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள். கடைசித் தம்பியாக நடித்தவன் கடிவாளத்தைப் பிடித்துத் திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் அண்ணன்கள் பின்னால் போனான்.

அந்த நேரத்தில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். பெரியவரின் இடது காலணி குதிரைக் குளம்போசைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மனிதர் உயிரோடுதான் இருக்கிறார்! ஆனால் கேமரா ஓடும்போது செத்தவர் எழுந்தே வந்தாலும் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். சீப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றேன். சூரியன் மறைந்தது. கேமராவில் பிலிம் தீர்ந்து கடகடவென்று சத்தம் வந்தது. தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

“யோவ், பயலுங்க பசிபிக் கடல்ல போய் விழுந்துடுவானுங்கய்யா! யாராவது கூப்பிடுங்க.”

பர்டி குழலைக் கீழே போட்டார். டிபெட்ஸ் உட்கார்ந்தே விட்டான்.

“நீங்க உசிரோட இருக்கீங்களா?” என்று கத்தினார் கெல்பின்.

“ஏன், ஏமாத்தமா இருக்கா?”

“எழுப்பினோமே சார்!” என்றான் டிபெட்ஸ்.

“தூங்கறவனை எழுப்பலாம். நல்லாத் தூங்கறவனை எழுப்ப முடியாது.”

இன்னொரு முறை எடுக்க வெளிச்சம் இல்லை. “அதுவே போதும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முட்டை கேட்டார். அன்று மிளகாய்ப்பொடியைப் பர்டி தடுக்கவில்லை. மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் அவருக்குத் தலை வாரும்போது, “முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? காலு ஆடிச்சு, நான் பாத்தேன்” என்று கேட்டேன்.

“குதிரைச் சத்தம் கேட்டா என் காலு தூக்கத்துலயும் ஆடும் பொண்ணே. நீ தலையைப் பாரு” என்றார். ஐம்பது வயதில் என்னைப் பொண்ணே என்று கூப்பிட ஆள் இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி இன்று கல்லூரிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். ஒரு மாபெரும் கலைஞன் உலகிடம் விடைபெறும் காட்சியாம். திரும்பிப் பார்க்கும் அந்தத் தம்பி, மரணத்தின் வாசலில் தயங்கி நிற்கும் ஆன்மாவாம். எனக்கு அந்தப் பையனைத் தெரியும். ‘இன்னும் எவ்வளவு தூரம்டா போறது’ என்றுதான் அவன் பார்த்தான். படத்தில் இயக்குநராக ஒரே பெயர்தான் இருக்கிறது, லுட்விக் வார்கோனி என்று. பர்டி அதற்கு ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

படம் வெளியாகும் முன் பொமோனாவில் ஒரு தியேட்டரில் பொதுமக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரியவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அதற்குள் பாதியாக இளைத்துப் போயிருந்தார். தன் பக்கத்து இருக்கையில் பர்டியைத்தான் உட்கார வைத்துக்கொண்டார். நானும் நாடீனும் பின்னால். கடைசியில் மூன்று குதிரைகளும் கிளம்பின, இடுக்கைத் தாண்டின, மேட்டில் ஏறின. தம்பி திரும்பிப் பார்த்தான், போனான். மூன்று புள்ளிகள் மட்டும் மிஞ்சின. பர்டி கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பெரியவர் கைத்தடியால் அவர் விலாவில் ஒரு குத்துக் குத்தினார்.

“இப்ப சொல்லுய்யா.”

“கட்!” என்றார் பர்டி.

திரை அந்த நொடியில் இருண்டது. பெரியவர் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, சரியாக அங்கே வெட்டி வைத்திருந்தார்.

முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி, “பேசாம இருக்க மாட்டீங்களா?” என்று சீறினாள். “மன்னிச்சுக்கோம்மா, டைரக்டர் அவரு” என்றார் வார்கோனி.