லாரி நிறைய அஞ்சலை

"அஞ்சலை!" என்று மருந்தறையிலிருந்து டிரஸர் ஐயா மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் நான் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை எழுந்துபோய் இரண்டு மருந்து வாங்கி வந்திருந்தார்.

"ஐயா, எனக்கு வெறும் இருமல்தான். எத்தன மருந்த நான் குடிக்கிறது?"

வராந்தாவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அங்கே டாக்டர் மாதிரி இருந்த டிரஸர் சவரிமுத்து சிரிக்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பத்தொரு சீட்டு, முப்பத்தொன்றிலும் அஞ்சலை. அந்தச் சீட்டுகளை அச்சடித்த புரோகிராமை எழுதியவள் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் பாகான் டத்தோ போகும் சாலையில், நான்கு தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி அது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையை நட்டுக்கொண்டிருந்த காலம். நான் சிலிபினில் அறை எடுத்துத் தங்கி, ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கடைக்கு வந்த, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டு, தவுக்கேயிடம் நச்சரித்து வாங்கிய முதல் வேலை இந்த ஆஸ்பத்திரி. தவுக்கே என்றால் எங்கள் முதலாளி லியோங். எதைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கோமதி, திஸ் வன் போலே பக்காயா?" இது உருப்படியாகப் பயன்படுமா என்று அர்த்தம்.

ஒரே பெயர், மூன்று தடவை

அந்தக் காலத்து மெஷினில் மெமரி கொஞ்சம். ஒரே புரோகிராமில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. அதனால் ஸ்கிரீனுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். முதல் ஸ்கிரீனில் பெயர் பதிவு, இரண்டாவதில் எடையும் நோயும், மூன்றாவதில் மருந்துச் சீட்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு RUN போட்டுப் போனால் முதலில் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். அடுத்த ஸ்கிரீன் பச்சைப் பிள்ளை மாதிரி விழிக்கும். மறுபடியும் பெயரை அடிக்க வேண்டும்.

டிரஸர் ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஒரே பேர மூணு தடவ அடிக்கணுமாம்மா? பேனாவுல நான் அட்டையில ஒரு தடவதான் எழுதுறேன்."

ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டி CHAIN, COMMON என்ற இரண்டு கட்டளைகளைக் கண்டுபிடித்தேன். RUN-க்குப் பதில் CHAIN போட்டு, எந்தெந்த விவரம் கூட வர வேண்டுமோ அதை COMMON-இல் குறித்துவிட்டால், அடுத்த ஸ்கிரீன் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். தவுக்கேயையே நோயாளியாக்கிக் காட்டினேன். லியோங், காய்ச்சல், எண்பத்திரண்டு கிலோ. மூன்று ஸ்கிரீனிலும் பெயர் தானாக வந்தது. தவுக்கே தன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு ஆளை வைத்துச் சோதித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை லாரி

தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வருவதில்லை. லாரியில் ஒன்றாக வருவார்கள். பழக்குலை ஏற்ற லாரி உடனே திரும்ப வேண்டும். வந்த ஆட்களின் பெயர்ப் பட்டியல் கைக்கு வராமல் டிரைவர் நகரமாட்டார். ஆகவே முதலில் எல்லாருடைய பெயரையும் எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் முதல் ஆளின் எடையையே பார்ப்பார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், அந்த லாரியில் ஏறி ஊசி போடப் போனவள்தான். ஆனாலும் புரோகிராம் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

முதல் ஸ்கிரீனில் முப்பத்தொரு பேரை அடித்தேன். பட்டியல் அச்சானது, லாரி போனது. இரண்டாவது ஸ்கிரீனுக்குப் போனேன். COMMON-இல் ஒரு பெயருக்குத்தான் இடம். கடைசியாக அடித்த பெயர் அஞ்சலை. நான் தலை நிமிராமல் கீபோர்டைப் பார்த்தபடியே எடையையும் நோயையும் அடித்துத் தள்ளினேன். மேலே பெயர் மாறாமல் நின்றதைக் கவனிக்கவே இல்லை.

டிரஸர் ஐயா அஞ்சலை அக்காவிடமிருந்து மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "இதுல ஒண்ணு சர்க்கரை மாத்திர. இத முழுங்கியிருந்தா இந்தப் பொம்பள மயங்கி விழுந்திருக்கும். அடுத்த வாரமும் இப்பிடின்னா நான் மேனேஜருக்கு எழுதிடுவேன். எனக்கு என் பழைய அட்டையே போதும்."

நான் முப்பத்தொரு சீட்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

செய்தி அன்று மாலைக்குள் தவுக்கேயின் காதுக்குப் போய்விடும். அவர் என்ன சொல்வார் என்றும் தெரியும். மறுநாள் கடையில் அதேதான் சொன்னார்: "நெக்ஸ்ட் மண்டே போலே, யூ புரோகிராமர். தா போலே, பாலிக் டைப்ரைட்டர்." முடிந்தால் புரோகிராமர், முடியாவிட்டால் பழைய டைப்ரைட்டர் மேசை.

அஞ்சலை அக்கா கேட்டது

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புமுன் டிஸ்க்குகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும் லாரிக்குக் காத்திருந்த அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தங்கச்சி, பேரயா தூக்கிக்கிட்டுத் திரியுது இந்தப் பொட்டி? ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல கணக்கெழுதுற எங்க கிராணி பேரக் கேட்டதே இல்ல. நம்பரக் கேப்பாரு, புஸ்தகத்தப் பாப்பாரு. அவ்ளதான் லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னால்தான் இவ்வளவும் என்பது போல அவரைப் பார்த்தேன். பாவம், அவர் செய்த தப்பு லாரியில் கடைசியாக இறங்கியது மட்டும்தான்.

ஈப்போ பஸ்ஸில் பாதி வழி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிராணி யாரையும் மனதில் சுமப்பதில்லை. ஆளின் விவரமெல்லாம் ஒரே புத்தகத்தில், ஒரே இடத்தில். ஆள் கொண்டுவருவது நம்பர் மட்டும். என் அம்மா இருபது வருஷம் அப்படித்தான் பாலை நிறுக்கக் கொடுத்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க மாற்றி எழுதினேன். விவரமெல்லாம் டிஸ்க்கில் ஒரே ஃபைலுக்குப் போனது. பதிவு செய்தவுடன் ஆளுக்கு ஒரு நம்பர். இரண்டாவது ஸ்கிரீன் வெறுமையாகத் திறந்து நம்பரைக் கேட்கும், அந்த நம்பரின் விவரத்தை ஃபைலிலிருந்து எடுக்கும், எடையைச் சேர்த்து அங்கேயே திருப்பி எழுதும். மூன்றாவது ஸ்கிரீனுக்கு COMMON வழியாகப் போவது அந்த நம்பர் ஒன்றுதான். சீட்டு அச்சானதும் நம்பரைப் பூஜ்யமாக்கிவிடுவேன். போன ஆளின் வாடைகூட அடுத்த ஆள்மேல் படாது.

செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டு நம்பரையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். நான்கு தோட்டத்திலும் பதினேழாம் நம்பர் இருந்தது. எனவே ஆஸ்பத்திரிக்கென்று தனி நம்பர். தடித்த அட்டையை வெட்டி, ஒன்றிலிருந்து இருநூறு வரை டைப்ரைட்டரில் அடித்தேன்.

அடுத்த லாரி

இருபத்தெட்டுப் பேர் இறங்கினார்கள். தவுக்கேயும் ஜெலாப்பாங்கிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். எல்லாரையும் பதிந்து அட்டை கொடுத்தேன். லாரி போனது. இந்தத் தடவை தலையை நிமிர்த்தி ஸ்கிரீனைப் பார்த்தபடி அடித்தேன். வேண்டுமென்றே வரிசையைக் கலைத்து, ஒன்பதுக்குப் பிறகு இருபத்திரண்டு, பிறகு நான்கு என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு நம்பருக்கும் அந்தந்த ஆளின் பெயரே ஸ்கிரீனில் வந்தது.

டிரஸர் ஐயா ஒவ்வொரு சீட்டையும் தான் கையால் எழுதிய பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். முனியாண்டி, சரஸ்வதி, அந்தோணி. ஒன்றும் பிசகவில்லை. கடைசியில், "அஞ்சலை!"

இருமல் இன்னும் விடாத அஞ்சலை அக்கா எழுந்திருக்காமல் கேட்டார்: "இன்னிக்கு ஒரு தடவதானாய்யா?"

இந்தத் தடவை டிரஸர் ஐயாவே சிரித்துவிட்டார். "ஒரு தடவதான். வந்து வாங்கிக்க." பிறகு தன் பழைய அட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். தவுக்கே என்னைப் பார்த்து, "போலே பக்காய்," என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பகல் பிறகு வந்ததில்லை, என் கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது பைத்தான் மொழியில் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து எழுதுகிறவர்களும், இந்த ஸ்கிரீனில் அடித்ததை அந்த ஸ்கிரீனுக்கு எப்படிக் கொண்டுபோவது என்றே கேட்கிறார்கள். ஆளைச் சுமக்காதீர்கள், நம்பரைச் சுமந்தால் போதும். விவரத்தை ஒரே இடத்தில் வையுங்கள், எல்லா ஸ்கிரீனும் அங்கே வந்து பார்க்கட்டும். சோதிக்கும்போது ஒரு முதலாளியை வைத்துச் சோதிக்காதீர்கள், ஒரு லாரி ஆளை இறக்குங்கள்.

மறுநாள் கடையில் என் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. டைப்ரைட்டரைத் தவுக்கே மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அதில் நான் கடைசியாக அடித்தது அந்த இருநூறு நம்பர்களைத்தான்.